வட்டத்துக்குள் ஒரு முகம்

விஜயகுமாரி சிஸ்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் என்னைத் திட்டித்தான் நாலு வரி எழுத வேண்டியிருக்கிறது. இருக்கட்டும், அது தானாக வரும்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. நாற்பது கட்டில். பெயரைச் சொல்ல மாட்டேன், சம்பளம் இன்னும் அங்கேதான் வாங்குகிறேன். கீழே மருந்து கவுண்டர். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்த பார்மசிஸ்ட் பார்த்தசாரதி நான்தான். மாடியில் வார்டு. அங்கே பகல் ஷிஃப்ட் பார்ப்பவள் விஜயகுமாரி. முப்பத்திரண்டு வயது, ஒல்லி, பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும்.

சொந்த ஊர் வேடந்தாங்கலுக்குப் பக்கத்துக் கிராமம். பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர். "உங்க ஊர்ல வெடி மட்டும்தான் வெடிக்க மாட்டீங்களா, இல்ல வாயையே தொறக்க மாட்டீங்களா?" என்று நான் கிண்டல் செய்வேன். "தொறந்தா மட்டும் இன்னா சார் ஆயிடப்போவுது" என்பாள். அப்போது அது எனக்கு வெறும் பதிலாகத்தான் பட்டது.

அவளுடைய வேலையில் ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்னால் குழந்தையின் முன்கையில் ஒரு துளி மருந்தைத் தோலுக்கடியில் ஏற்றிப் பார்ப்பார்கள். டெஸ்ட் டோஸ் என்று பெயர். ஏற்றிய இடத்தைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் மணி எழுதி வைப்பார்கள். இருபது நிமிஷம் கழித்து வட்டத்துக்குள் தடித்துச் சிவந்திருந்தால் அந்த மருந்து அந்தப் பிள்ளைக்கு ஆகாது. ஒன்றும் இல்லையென்றால் ஊசி போடலாம். எல்லா நர்ஸும் செய்கிற வேலைதான். விஜயகுமாரி மட்டும், ஒன்றும் இல்லையென்று தெரிந்த பிறகு வட்டத்துக்குள் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைவாள். பிள்ளைகளுக்கு அதில் கொள்ளை ஆசை. "எனக்கு மூஞ்சி வந்துச்சு" என்று கவுண்டருக்கு வந்து கையைத் தூக்கிக் காட்டாத பிள்ளை கிடையாது. அம்மாக்காரிகளுக்கும் அது பழகிவிட்டது. முகம் வந்தால் பயமில்லை.

ஒரு நாள் ஸ்டாக் சரிபார்க்கும்போது எனக்குக் குடைச்சல் ஆரம்பித்தது. அலர்ஜி ஊசி என்று ஒன்று உண்டு. மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்து அரித்தால் அதை அடக்கப் போடுவது. மாதத்துக்கு நாலு போனால் அதிகம். அந்த மாதம் வார்டுக்கு நாற்பது ஐம்பது போயிருந்தது. அத்தனை பிள்ளைக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆஸ்பத்திரியே அல்லோலகல்லோலப்பட்டிருக்க வேண்டும். மேலே போய் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினேன். ஒன்றில்கூட அந்த ஊசியின் பெயர் இல்லை. எல்லாம் அவளுடைய ஷிஃப்டில் போனது.

கேன்டீனில் நாஸ்தா வாங்க வந்தவளைப் பிடித்தேன். "இன்னாம்மா நடக்குது மேல? ஊசியெல்லாம் எங்க போவுது?"

அவள் மறைக்கவில்லை. "புள்ளைங்களுக்குத்தான் சார் போவுது. டெஸ்ட் டோஸுக்கு முன்னாடியே எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டுடுவேன்."

"டாக்டர் எழுதினாரா?"

"இல்ல."

இதற்கு முன்னால் சென்னையில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தாளாம். அங்கே ஒரு குழந்தைக்கு டெஸ்ட் டோஸ் போட்ட உடனே உடம்பெல்லாம் தடித்துப்போய் மூச்சுத் திணறியிருக்கிறது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் சொந்தக்காரர்கள் இருபது பேர் வந்து கண்ணாடியை உடைத்தார்கள், அவளை அறைந்தார்கள். எழுதிக்கொடுத்த டாக்டர், "நர்ஸ் சரியாப் போடல" என்று ஒரே வரியில் கழுவிவிட்டார். "கன்னத்துல அஞ்சு வெரலும் நாலு நாள் இருந்துச்சு சார். இனிமே ஒரு புள்ளைக்கும் தடிச்சிகினு வரக்கூடாது. எனுக்கு அவ்ளோதான்."

நான் பார்மசி படித்தவன். எனக்குத் தெரியும், அந்த ஊசி ஆபத்தைத் தடுக்காது. ஆபத்து வருகிறது என்று தோல் காட்டுகிற அடையாளத்தைத்தான் அழிக்கும். அரிப்பும் தடிப்பும் வராது. உள்ளே நடக்க வேண்டியது நடக்கும். முன்கூட்டியே போட்டால் டெஸ்ட் டோஸே பொய் சொல்லும். இதை அவளிடம் சொன்னேன். அவளும் கேட்டுக்கொண்டாள். "தெரியும் சார், நிறுத்தணும்தான். ஒவ்வொரு நாளும் காலைல இன்னிக்கு நிறுத்திடலாம்னுதான் வரேன். புள்ள கையப் புடிச்சா பயம் வந்துடுது" என்றாள்.

"வேற எடத்துக்குப் போயேன்" என்றேன்.

"எத்த வச்சிகினு சார் போறது?"

அதுவும் நியாயம்தான். சேரும்போதே நர்சுகளின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி, மேனேஜர் அறையில் இருக்கிற இரும்பு பீரோவில் பூட்டிவிடுவது எங்கள் நிர்வாகத்தின் வழக்கம். மூன்று வருஷம் என்று எழுதி வாங்குவார்கள். மூன்று முடிந்தால், ஆள் கிடைக்கவில்லை, இன்னும் கொஞ்ச நாள் என்பார்கள். விஜயகுமாரிக்கு அது ஐந்தாவது வருஷம். நடுவில் ஒரு அரசு வேலைக்குச் சர்டிபிகேட் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் கோபாலகிருஷ்ணன், "அடுத்த வாரம் எடுத்துத் தரேம்மா" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். அடுத்த வாரம் வந்தபோது தேதி போயே போய்விட்டது. அவள் அழக்கூட இல்லை, மாடிக்குப் போய் ஷிஃப்ட் பார்த்தாள்.

இப்போது என்னைத் திட்டுகிற இடம் வந்துவிட்டது. நான் மேலே போய் ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இவள் பிழைப்பு போய்விடுமே என்று சும்மா இருந்தேன். சும்மாகூட இருக்கவில்லை, அவள் கேட்டபோதெல்லாம் ஊசியை எடுத்துக் கொடுத்தேன். இதில் இன்னொரு கூத்து, மருந்து எதிர்விளைவைப் பதிவு செய்கிற பொறுப்பும் என்னுடையது. மாதாமாதம் ஒரு படிவம். இந்த மாதம் எந்தக் குழந்தைக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எட்டு மாதம் தெரிந்தே எழுதினேன்.

ஹேமந்த் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறு வயது. அப்பா ஆனந்தன் முட்டுக்காடு படகுத் துறையில் மோட்டார் படகு ஓட்டுகிறவர். அம்மா லதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா. டியூட்டி டாக்டர் அபிஷேக், இருபத்தாறு வயது, மேல்படிப்புக்குப் படித்துக்கொண்டே வேலை பார்க்கிற நல்ல பையன், செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதினான். பன்னிரண்டரைக்கு டெஸ்ட் டோஸ். ஒரு மணிக்கு லதா பிஸ்கட் வாங்கக் கீழே வந்தாள். "எம்புள்ளைக்கு மூஞ்சி வந்துடுச்சு சார்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

இரண்டு மணிக்கு ஊசியை ஏற்றியிருக்கிறார்கள். இரண்டே காலுக்கு வார்டிலிருந்து போன். மூச்சுத் திணறலுக்கு ஆவி பிடிக்கிற மருந்து உடனே வேண்டும் என்றார்கள். ஆயா யாரும் கிடைக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

லதாவை வெளியே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஹேமந்த் நீலம் பாரித்துக் கிடந்தான். வாந்தி எடுத்திருந்தான், நெஞ்சு விசில் அடித்தது, கை கால் துவண்டிருந்தது. அபிஷேக் அவன் சட்டையைத் தூக்கி வயிறு, முதுகு, தொடை எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு முன்கையைத் திருப்பிப் பார்த்தான். வட்டத்துக்குள் அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"ரியாக்‌ஷன் இல்ல" என்றான். "ஒரு தடிப்பு கூட இல்ல, டெஸ்ட்டும் நெகட்டிவ். நிமோனியா முத்திடுச்சு. ஆவி வைங்க, ஆம்புலன்ஸ் சொல்லுங்க, சென்னைக்கு அனுப்பணும்."

சென்னைக்கு அந்தச் சாலையில் ஒன்றரை மணி நேரம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் கிடையாது என்று எனக்குத் தெரிந்தது. பத்தடி தூரத்தில் நிற்கிறேன், என்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், வாயைத் திறந்து சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். வரவில்லை. கையில் மருந்துப் பெட்டியோடு மரம் மாதிரி நின்றேன்.

"சார், தடிப்பு வராது."

விஜயகுமாரிதான். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"டெஸ்ட்டுக்கு முன்னாடியே நான் அலர்ஜி ஊசி போட்டு கீறேன். அதான் ஒண்ணும் தெரில. இது ரியாக்‌ஷன்தான் சார்."

அபிஷேக்குக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. "யாரு போடச் சொன்னது? எதுக்குப் போட்டீங்க?"

"அப்பால கேளுங்க சார். அட்ரினலின் எடுத்து வச்சி கீறேன், சொல்லுங்க, போட்டுடறேன்."

"போடுங்க."

இந்த மாதிரி நேரத்தில் உயிரைக் காப்பாற்றுகிற ஊசி அதுதான். தொடையில் போட்டாள். ஊசி பிடித்த கை ஆடவில்லை. அபிஷேக் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் குறைந்தது, உதட்டில் நிறம் வந்தது, பிள்ளை கண்ணைத் திறந்து அம்மாவைக் கேட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. விஜயகுமாரி ஈரப் பஞ்சை எடுத்து, அவன் கையில் இருந்த முகத்தை அழுத்தித் துடைத்தாள். பேனா மை லேசில் போகவில்லை. தோல் சிவக்கும் வரை துடைத்தாள்.

மறுநாள் காலை மேனேஜர் எங்கள் மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். கோபாலகிருஷ்ணன் கோபப்படுகிற ஆள் இல்லை. மின்விசிறியைக் கூட்டி வைத்து, டீ வரவழைத்து, அப்புறம்தான் பேசுவார்.

"பிள்ளை நல்லாயிருக்கான், அது போதும். நிமோனியா திடீர்னு அதிகமாச்சு, நம்ம டாக்டர் காப்பாத்திட்டார். ஷீட்ல அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அபிஷேக் முணுமுணுத்தான். "சார், அந்தப் பையனுக்கு மருந்து ஒத்துக்கலன்னு எழுதணும். நாளைக்கு வேற எங்கயாவது அதே மருந்தப் போட்டா..."

"எழுதலாம் டாக்டர். எழுதினா ஏன் டெஸ்ட்ல தெரியலன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி எங்க போய் நிக்கும்?" என்று விஜயகுமாரியைப் பார்த்தார். "டாக்டர் எழுதாத ஊசியப் போட்டிருக்கே. நர்சிங் கவுன்சிலுக்குப் போச்சுன்னா உன் பதிவே இருக்காதும்மா. நான் உனக்காகத்தான் சொல்றேன்."

அவள் பீரோவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அபிஷேக் டீயைப் பார்த்தான். நான் யாரையும் பார்க்கவில்லை. அந்த மாதப் படிவத்திலும் "இல்லை" என்று எழுதினேன். மனுஷனா நான் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆறாம் நாள் ஹேமந்த் வீட்டுக்குக் கிளம்பினான். லதா சிரப் வாங்கக் கவுண்டருக்கு வந்தாள். டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கண்ணாடி வழியே நீட்டினாள். நிமோனியா, குணமடைந்தார். மருந்து ஒவ்வாமை என்ற இடத்தில் ஒரு கோடு. அப்போது விஜயகுமாரி படி இறங்கி வந்தாள்.

"தடுப்பூசி அட்டை எங்க வச்சி கீற?" என்று லதாவைக் கேட்டாள்.

"பையிலதான் கீது சிஸ்டர். இன்னா ஊசி பாக்கி?"

"குடு."

அந்த அட்டையைப் பெற்றவள் எவளும் தொலைக்க மாட்டாள். ஆஸ்பத்திரிக் காகிதம் ஒரு மாதத்தில் கிழிந்து குப்பைக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அடுத்த ஊசிக்குக் காட்ட வேண்டும் என்று அட்டை மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் கார்டோடு பத்திரமாக இருக்கும். விஜயகுமாரி என்னிடம் சிவப்புப் பேனா கேட்டாள். கொடுத்தேன். நான் கொடுத்தது பேனா மட்டும்தான்.

அட்டையின் முன்பக்கத்தில், பிள்ளையின் பெயருக்கு மேலேயே, செஃப்ட்ரியாக்சோன் போடக் கூடாது, போட்டதில் மூச்சு நின்றுபோகப் பார்த்தது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினாள். தேதி போட்டாள். கீழே தன் முழுப் பெயரையும் நர்சிங் பதிவு எண்ணையும் எழுதினாள்.

"உன் பேரு எதுக்கும்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பேரு இல்லாட்டி எவன் சார் நம்புவான்?"

பிறகு லதாவிடம் திரும்பினாள். "எந்த டாக்டராண்ட போனாலும், வாயத் தொறக்கறதுக்கு மின்னாடி இத்தக் காட்டணும். அவுங்க பேஜார் பண்ணாலும் காட்டணும். புரிஞ்சுதா?"

"சளிதான்னு சொன்னாங்களே சிஸ்டர்?"

"நான் சொல்றத மட்டும் கேளு." அட்டையை அவள் கையில் திணித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு வார்டுக்கு அலர்ஜி ஊசி போவது நின்றது. பிள்ளைகளின் கையில் முகம் வருவதும் நின்றது. வெறும் வட்டம், பக்கத்தில் மணி. மூஞ்சி வரவில்லையே என்று அழுத பிள்ளைகளைக்கூட அவள் சமாதானம் செய்யவில்லை.

ஏழு வாரம் போயிற்று. ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கவுண்டர் போன் அடித்தது. அவள் வார்டுக்கு மருந்து வாங்கச் சீட்டோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"மாமல்லபுரத்துல இருந்து டாக்டர் பிரதீபா பேசறேன். கிளினிக் வச்சிருக்கேன். ஹேமந்த்னு ஒரு பையன், திரும்பவும் நிமோனியா மாதிரி இருக்கு. கையில செஃப்ட்ரியாக்சோன்தான் வச்சிருக்கேன், ஆரம்பிக்கணும். தடுப்பூசி அட்டையில ஒரு நர்ஸ் போடக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. உங்க டிஸ்சார்ஜ்ல அப்படி ஒண்ணுமில்ல. உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணேன், மேனேஜர் அந்த மாதிரி எதுவும் நடக்கல, யாரோ கிறுக்கியிருப்பாங்கன்னு சொல்லிட்டார். பில்லுல இந்த நம்பர் இருந்துச்சு. நீங்க பார்மசிஸ்ட்தானே? அந்தப் பையனுக்கு ரியாக்‌ஷன் வந்துச்சா, இல்லையா?"

அதற்குள் மேனேஜர் தன் அறையிலிருந்து வேகமாக வந்துவிட்டார். போனில் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குரலை உயர்த்தாமல், "பார்த்தசாரதி, இல்லன்னு சொல்லி வைங்க. அட்டையில பேர் எழுதி வச்சிருக்கா. நீங்க ஆமான்னா இவ கதை முடிஞ்சுது" என்றார். இவ என்றபோது விஜயகுமாரியைக் கையால் காட்டினார்.

நான் அவளைப் பார்த்தேன். ஆமாம் என்றால் இவள். இல்லை என்றால் அந்தப் பிள்ளை. பதினேழு வருஷத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டி எனக்கு அவ்வளவு சின்னதாக இருந்ததில்லை.

"ஹலோ? இருக்கீங்களா?" என்றார் டாக்டர்.

விஜயகுமாரி சீட்டைக் கவுண்டர் மேல் வைத்தாள். "மூஞ்சி வரைஞ்சது நானு சார்" என்றாள். "சொல்லுங்க."

"வந்துச்சு டாக்டர்" என்றேன். "நான் கண்ணால பார்த்தேன். போடாதீங்க. அட்டையில எழுதியிருக்கறது அத்தனையும் நெஜம்."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ, "அதை எடுத்துடு, வேற மருந்து சொல்றேன்" என்று சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "தேங்க்ஸ். ஊசிக்கு அந்த மருந்தைக் கலந்தே வச்சிருந்தோம்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

"என்ன பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா?" என்றார் மேனேஜர்.

"தெரியுது சார். முன்னாடியே பண்ணியிருக்கணும்."

அன்று மத்தியானமே அரசுக்கு அனுப்புகிற எதிர்விளைவுப் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். நோயாளி வயது ஆறு, மருந்து இன்னது, நடந்தது இன்னது, அதற்கு முன்னால் கொடுத்த அலர்ஜி ஊசி இன்னது, அதை எடுத்துக் கொடுத்தது யார் என்று ஒன்று விடாமல் எழுதினேன். அறிவிப்பவர் என்ற இடத்தில் என் பெயர். மேனேஜரிடம் காட்டாமல் நானே அனுப்பிவிட்டேன்.

என்னைக் கவுண்டரிலிருந்து பின்னால் இருக்கிற குடோனுக்கு மாற்றினார்கள். ஜன்னல் கிடையாது. விஜயகுமாரிக்கு மெமோ மேல் மெமோ. கவுன்சிலிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்திருக்கிறது, என்ன முடிவு வருமோ தெரியாது. வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று பார்த்தேன், அனுப்பவில்லை. அனுப்பினால் சர்டிபிகேட்டைத் திருப்பித் தர வேண்டும், வெளியே போனால் பேசுவாள். வைத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை, விடவும் மாட்டேன் என்கிறார்கள்.

போன வாரம் குடோன் கதவருகே ஒரு சின்னப் பெண் வந்து நின்றது. கையைத் தூக்கிக் காட்டியது. நீல வட்டம், உள்ளே இரண்டு கண், ஒரு வாய். மாடிக்குப் போனேன். விஜயகுமாரி அடுத்த கட்டில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மறுபடியும் வரைய ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இருபது நிமிஷம் முழுசா இங்கியே குந்திகினு பாத்துட்டுத்தான் சார் வரையறேன்" என்றாள். "பயமாத்தான் கீது."

அவளுடைய சர்டிபிகேட் இன்னும் அந்த பீரோவில்தான் இருக்கிறது.